மூன்றாவது கல்

அன்புள்ள பேரனுக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே எல்லாம் சுகம், உன் அம்மாவின் வலது மணிக்கட்டைத் தவிர. அதற்கும் எண்ணெய் தேய்த்துத் துணி சுற்றி விட்டிருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் பேசினால் பின்கட்டு வரைக்கும் கேட்கும். இது உன் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது.

விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய மில்லிங் மெஷினை, அந்த இரும்பு சீவுகிற மெஷினை, வாங்க நீ பார்த்துவிட்ட ஆள் வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறாராம். உன் அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டாள். மெஷினைக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் உன்னோடு வந்து இருப்பது என்று பேசி முடித்திருக்கிறீர்கள். அந்த ஆளை ஒரு வாரம் தள்ளி வரச் சொல். ஏன் என்று எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

பம்ப் பட்டறைக்காரர் பன்னிரண்டு வால்வுத் தட்டு செய்து தரச் சொன்னது உனக்குத் தெரியும். அது சரியாக வந்தால் மாதாமாதம் வேலை, இல்லையென்றால் இல்லை. உள்ளங்கை அகலத் தட்டு. முகம் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், துளி மேடு இருந்தாலும் தண்ணீர் கசியும். அதைப் பார்க்க, தட்டைவிட மட்டமான ஒரு பலகை வேண்டும். பலகையில் நீல மையை லேசாகத் தடவி, தட்டைக் கவிழ்த்து உரசினால் மேடான இடத்தில் மட்டும் மை ஒட்டும். அந்த இடத்தைச் சுரண்டி எடுப்பாள். மறுபடி மை, மறுபடி சுரண்டல். அவள் வேலை பார்த்த கம்பெனியில் மேஜை அகலத்துக்கு இரும்புப் பலகை இருந்ததாம். அதன் மேல் டீ டம்ளர் வைத்தவனை ஒரு நாள் முழுக்க வெளியே நிற்க வைத்தார்களாம். கம்பெனியை மூடியபோது இவள் மெஷினை வாங்கினாள், பலகையை வேறு யாரோ கொண்டு போய்விட்டார்கள்.

புதுப் பலகைக்கு விலை கேட்டாள். கேட்ட வேகத்தில் திரும்பி வந்தாள். பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடந்தது, எவனோ அதன் மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து அம்மை போட்ட முகமாக ஆக்கி வைத்திருந்தான். கண்ணாடிக் கடையில் கனத்த கண்ணாடி ஒன்று வாங்கினாள். கண்ணாடி மட்டம்தானாம், நம் மேஜை கோணலாம், மேஜைக்குத் தகுந்தபடி கண்ணாடி வளைகிறதாம். கண்ணாடி வளையும் என்று எழுபத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். கடைசியில் கல் கடையிலிருந்து கருங்கல் துண்டு இரண்டு வந்தது. சமையல் மேடையில் பாத்திரம் கழுவும் தொட்டி பதிக்க நடுவில் வெட்டி எடுப்பார்களே, அந்தத் துண்டு. அவர்களுக்கு அது கழிவு.

நல்ல பளபளப்பு. அதில் பார்த்தே தலை சீவலாம். இதுவே போதுமே என்றேன். டியூப் லைட் அதில் எப்படித் தெரிகிறது பாருங்கள் அத்தை என்றாள். மேலே நேராக இருக்கிற லைட் கல்லுக்குள் நெளிந்துகொண்டு கிடந்தது. ஆகவே இரண்டு கல்லுக்கும் நடுவில் எமரி என்கிற சொரசொரப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு, ஒன்றை ஒன்றின் மேல் வைத்துத் தேய்த்து மட்டமாக்குவது என்று முடிவானது. அவள் மெஷினில் நிற்பாள், தேய்ப்பது நான். மேல் கல்லையும் கீழ்க் கல்லையும் அப்பப்போ மாற்றி வையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் மாற்றவில்லை. ஒரு கல்லுக்கு மூலை உடைந்திருந்தது. உடைந்தது மேலே கிடக்கட்டும், நல்லதைத் தூக்கி ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே தீர்மானித்தேன். நிஜத்தைச் சொன்னால் அதுகூட இல்லை. மருமகள் சொல்லி நான் செய்வதா என்ற எண்ணம். நாலு நாள் அப்படியே தேய்த்தேன்.

நாலாம் நாள் மை போட்டுப் பார்த்தால் இரண்டு கல்லும் இம்மி பிசகாமல் பொருந்தின. உன் அம்மா சந்தோஷமாகப் பன்னிரண்டு தட்டையும் அந்தக் கல்லை வைத்துச் சுரண்டி முடித்தாள். பட்டறைக்காரர் தன் பலகையில் வைத்து விரலால் ஓரத்தைத் தட்டினாராம். ஆடிற்றாம். பன்னிரண்டும் ஆடிற்றாம். நல்ல மனிதர், இன்னும் பதினெட்டு நாள் தருகிறேன் என்றிருக்கிறார். இவள் வீட்டுக்கு வந்து, தோளில் மாட்டிய பையை இறக்காமலே உனக்குப் போன் செய்தாள். ஆளை வரச் சொல் என்று அப்போது சொன்னதுதான்.

மறுநாள் காலையில் என்னிடம் கேட்டாள், தேய்க்கும்போது எந்தக் கல் மேலே இருந்தது என்று. எனக்கு மறதி கிடையாது, உனக்கே தெரியும். நாலு நாளும் மூலை உடைந்ததுதான் என்றேன். மேலேயே இருக்கிற கல் நடுவில் குழியுமாம், கீழேயே இருக்கிறது நடுவில் மேடாகுமாம். குழியும் மேடும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தும், இரண்டுமே கோணல் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவதாக ஒரு கல் வந்தால்தான் குட்டு வெளிப்படும். மூன்றையும் ஜோடி மாற்றி மாற்றித் தேய்த்தால் மூன்றும் மட்டமாகியே தீரும் என்றாள்.

“நல்லவேளை அத்தை, உங்களுக்காவது ஞாபகம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். எனக்குக் கண் ஆபரேஷன் நடந்த செவ்வாய்க்கிழமை, கம்பெனியில் சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று அவள் ஆஸ்பத்திரிக்கு வராததை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். அது வேறு, இது வேறு.

மூன்றாவது கல்லுக்கு நான்தான் போனேன். நம் சமையல் மேடையைச் சுவர்ப்பக்கம் சரிவாக வைத்துவிட்டுப் போனானே, அதே கல் கடைக்காரன். அவன் வாசல்படி மிதிப்பதில்லை என்று பதினோரு வருஷமாக இருந்தேன். அவனும் விடவில்லை. என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவீர்களே பாட்டி, இன்றைக்கு வழி தவறிவிட்டதா என்றான். உன் கல்லே கோணல்தான், அதைச் சரி செய்யத்தான் இன்னொன்று கேட்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்து, வீடு வரைக்கும் அவனே சுமந்து வந்து கொடுத்தான். சரிவு இன்னும் அப்படியே இருப்பதையும் காட்டி அனுப்பினேன்.

புதுக் கல்லை மேடான கல்லின் மேல் வைத்துத் தள்ளினால் பம்பரமாகச் சுற்றியது. அன்றிலிருந்து தேய்க்கிறோம். எது மேலே, எது கீழே, எத்தனை தேய்ப்பு, எப்போது திருப்பினோம், எல்லாக் கணக்கும் என் தலையில்தான். அவள் எழுதி வைப்பதில்லை, என்னைக் கேட்கிறாள். நேற்று மை போட்டால் மூன்று கல்லிலும் எந்த ஜோடி வைத்தாலும் ஓரம் நடு என்றில்லாமல் சீராக ஒட்டுகிறது. இன்று முதல் தட்டைச் சுரண்ட ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு இரண்டுதான் முடியும். அடுத்த புதன்கிழமை பட்டறையில் கொடுக்க வேண்டும், நடுவில் ஞாயிற்றுக்கிழமை உன் ஆள் வந்து நிற்பார். தட்டை அறுத்து மட்டமாக்கும் மெஷின் போய்விட்டால் பட்டறைக்காரருக்கு மாதாமாதம் எதில் செய்து கொடுப்பாள்? நாளைத் தள்ளச் சொல் என்று உன்னிடம் கேட்க மாட்டாள். கொடுத்த வாக்கை மாற்றக் கூடாதாம். அந்த வீம்பு அவளுக்கு உண்டு.

உன்னைக் குறை சொல்லவில்லை ராசா. எங்களுக்காக அறை ஒதுக்கி, கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாய். அந்த மனசு எல்லாருக்கும் வராது. ஆனால் அங்கே அவள் என்ன செய்வாள்? உன் வீட்டு ஜன்னலைத் துடைப்பாள், துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். உன் அப்பா தவறிப்போன வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தவள். நீ ஹாஸ்டலில் இருந்தாய்.

தட்டு இந்தத் தடவையும் திரும்பி வந்தால், மெஷினை நானே துடைத்து வண்டியில் ஏற்றி விடுகிறேன், அப்புறம் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு வாரம்தான் கேட்கிறேன்.

நான் எழுதியதைச் சொல்லாதே. அந்த ஆளுக்கு வண்டி கிடைக்கவில்லையாம் என்று சொல், நம்புவாள். நீ எது சொன்னாலும் நம்புவாள். இது உன்னால் ஆகாதும்மா என்று நீ அன்றைக்குப் போனில் சொன்னாயே, அதையும் நம்பிவிட்டுத்தான் சுரண்டிக்கொண்டு இருக்கிறாள்.

நீ நன்றாக இரு. உன் வாயில் நல்ல வார்த்தையே வரட்டும்.

இப்படிக்கு,
உன் பாட்டி