வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு

என் உயிரான அண்ணாத்தே,

நீ இருந்திருந்தால், "இன்னா பாப்பா, லெட்டர்லாம் எழுதிகினு கீற, போன்ல சொல்ல மாட்டியா" என்று சிரித்திருப்பாய். உன் போன் அண்ணியிடம் இருக்கிறது. தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். ஒரு நாள் மனசு கேட்காமல் அந்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டேன். அண்ணி எடுத்தாள். இரண்டு பேரும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நெட்டுக்குப்பத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொடியில் காயும் துணியில் வந்து உட்காருகிறது. முகத்துவாரத்தில் மீனே இல்லை என்று எல்லாரும் சத்தம் போடுகிறார்கள், மறுநாள் விடிந்ததும் அங்கேயேதான் வலையோடு போகிறார்கள். திருவொற்றியூரில் என் கடையும் அப்படியேதான், செத்துப்போன எல்இடி பல்புகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், நான் திறந்து ஈயம் வைத்து உயிர் கொடுத்து அனுப்புகிறேன்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது உனக்கு மட்டும் சொல்கிற விஷயம் இல்லை, நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இப்படி வெளிப்படையாக எழுதுகிறேன். அதனால் உன் வண்டி என்ன வண்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள்.

உனக்கு முழங்கால் போனது எப்படி என்று குப்பத்துக்கே தெரியும். விளக்கில்லாத படகில் நீங்கள் மூன்று பேர் திரும்பி வரும்போது, பெரிய விசைப்படகு ஒன்று கவனிக்காமல் ஏறிவிட்டது. மற்ற இரண்டு பேருக்கும் சிராய்ப்புதான், உனக்குக் கால். அதற்கப்புறம் கடலுக்குப் போக முடியவில்லை. உடைந்த ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் வேலையை எடுத்துக்கொண்டாய். இரண்டு சக்கர வண்டியில் கால் ஊன்ற முடியாது. போனில் எதையோ தேடி, வெளிநாட்டில் யாரோ படுத்துக்கொண்டு மிதிக்கிற மூன்று சக்கர சைக்கிளைக் காட்டினாய். மேலே மீன் மாதிரி ஒரு கூடு, தலை மட்டும் வெளியே. வெலோமொபைல் என்று பெயராம். "ஃபைபர் நம்ம கையில கீது, அப்புறம் இன்னா" என்றாய்.

படகுக்கு ஊற்றுகிற அதே ரெசின், அதே ஃபைபர் பாய். மூன்று மாதத்தில் செய்து முடித்தாய். படகுக்கு அடிக்கிற கருநீலப் பெயிண்டையே அதற்கும் அடித்தாய். குப்பத்துப் பிள்ளைகள் முட்டை வண்டி என்று பேர் வைத்துப் பின்னாலேயே ஓடினார்கள். சாம்பல் மேலே படாது, மழையில் நனையாது, கால் வலிக்காது. அதில் ஏறிக் காசிமேட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாள் உன் முகத்தில் இருந்த திமிர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தத் திமிருக்காகவே உன்னைப் பிடிக்கும்.

விளக்கு என் வேலை. பன்னிரண்டு வோல்ட் எல்இடி பட்டை, பழைய மின்சார ஸ்கூட்டரிலிருந்து பிரித்த பேட்டரி, உப்புக் காற்றில் இணைப்பு அரிக்காமல் இருக்க ஒவ்வொரு ஈயப்பொட்டின் மேலும் நீயே ரெசின் ஊற்றினாய். எங்கே எந்த நிறம் என்பதில்தான் சண்டை. ரோட்டில் போகிற எந்த வண்டிக்கும் பின்னால் சிவப்புதான் என்று நான் சொன்னேன். நீ கேட்கவே இல்லை. இடப்பக்கம் முழுக்கச் சிவப்பு, வலப்பக்கம் முழுக்கப் பச்சை, பின்னால் ஒரு வெள்ளை, கொம்பு நட்டு உச்சியில் இன்னொரு வெள்ளை. கடலில் படகுக்கு என்ன முறையோ அதேதான் வேண்டும் என்றாய். "வெளக்கு இல்லாம ஒரு தபா அடிபட்டவன் பாப்பா நானு. முறைப்படி போட்டா எவனும் மேல ஏற மாட்டான்" என்றாய்.

நான் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன். அழகாகத்தான் இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் கை காட்டினார்கள். பின்னால் சிவப்பு வைக்காமல் நான் விடமாட்டேன் என்று ஏன் பிடிவாதம் பிடிக்கவில்லை? உன் கால் போனதை நினைத்து வாயை மூடிக்கொண்டேனா, இல்லை வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தேனா? இன்றைக்குவரை தெரியவில்லை அண்ணாத்தே.

அன்றைக்குச் சாயங்காலம் மணி ஏழுகூட ஆகவில்லை. மறுநாள் விடியற்காலையில் கடலுக்குப் போக வேண்டிய படகு ஒன்றில் ஓட்டை அடைக்க வேண்டும் என்று காசிமேட்டிலிருந்து அழைத்தார்கள். கடலை ஒட்டி ரோடு போகிற இடத்தில், கரையில் கருங்கல் கொட்டிவைத்திருக்கிறார்களே, அங்கே வரிசையாகத் தெருவிளக்கு எரியவில்லை. இடது ஓரமாகத்தான் நீ போய்க்கொண்டிருந்தாய். எண்ணூர்ப் பக்கமிருந்து கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் பின்னால் வந்தது.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். இனிமேல் சொல்வது எனக்கும் அந்த டிரைவருக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். ராமநாதபுரம் பக்கம். அடிக்கத்தான் கை எழுந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. "தப்பா நெனைக்காதீக அக்கா. பச்சை லைட்டு பாத்தேன், மேல வெள்ளை பாத்தேன். மெதுவா ஆடி ஆடிப் போச்சு. கரையோரமா வள்ளம் போகுதுன்னு நெனச்சேன். எங்க அப்பாவும் கடலுக்குப் போனவருதான்" என்றான்.

படகு என்று நினைத்தான் அண்ணாத்தே. உன் விளக்கைப் பார்க்காமல் வரவில்லை. பார்த்தான். பார்த்து, முறைப்படி புரிந்துகொண்டான். கடலைத் தெரியாத எவனாவது அந்த டிரெய்லரை ஓட்டியிருந்தால், இது என்னடா புதுசாக இருக்கிறது என்று பிரேக்கில் கால் வைத்திருப்பான். இவன் மீனவன் மகன், அதனால் சந்தேகமே வரவில்லை. தண்ணீருக்கு மேலே போகிற படகு என்று முடிவு கட்டிக்கொண்டு நேராக வந்துவிட்டான்.

அந்த விளக்கை இழுத்து ஒட்டியது என் கை. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொல்லவில்லை. டிரைவர் கவனிக்கவில்லையாம் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

முப்பது நாள் காரியம் முடிந்தபின் அண்ணி மறுபடியும் கருவாட்டுக் கூடையைத் தூக்கினாள். அந்தக் கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏற விடமாட்டார்கள், பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பிடிப்பார், இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். அதற்காகத்தானே அவளுக்கும் ஒரு வண்டி செய்கிறேன் என்று இரண்டாவது கூட்டை அச்சில் ஊற்றினாய். அது பெயிண்டு அடிக்காமல் உன் கொட்டகையிலேயே கிடந்தது. அண்ணி ஃபிட்டரைப் பிடித்துச் சக்கரம், பெடல் எல்லாம் மாட்டிவிட்டாள். விளக்குக்கு என்னிடம் வந்தாள். திருவொற்றியூரில் விற்று முடித்துத் திரும்பும்போது இருட்டிவிடும் என்றாள்.

பட்டை வரவில்லை என்றேன். அடுத்த வாரம் பேட்டரி சரியில்லை என்றேன். அதற்கடுத்து கையில் காயம் என்றேன். இப்படியே ஐந்து மாதம் ஓட்டினேன். கையில் ஈயக்கம்பியை எடுத்தாலே அந்த டிரைவரின் குரல் கேட்கும். இவளையும் நானே ஏற்றி அனுப்ப வேண்டுமா? கடைசியில் ஒரு நாள் அண்ணி, "உனுக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லிடு, நான் டார்ச்சு கட்டிகினு போறேன்" என்றாள். போய்விடுவாள் அவள். எனக்குத் தெரியும்.

அப்போதுதான் சொன்னேன். அவள் காரப்பொடி மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முடிக்கிறவரை கை நிற்கவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்து, "அவரு சொன்னா நீயும் தலையாட்டிட்டியா? உனுக்குக் கரண்டு தெரியும். அவருக்குக் கடலு தெரியும். ரெண்டு பேருமா சேந்து ரோட்ட பாக்கவே இல்லியே" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் கடைக்கு வந்து பேட்டரியை மேஜைமேல் வைத்தாள். "செய்யி. செஞ்சி முடிச்சிட்டு அந்த டிரைவரக் கூப்டு. அவன் கண்ணுக்குத்தான் தெரியணும்" என்றாள்.

நான் ஒரு வாரம் சாயங்காலத்தில் ரோட்டோரம் நின்று போகிற வருகிற வண்டிகளை மட்டும் பார்த்தேன். இருட்டில் ஒரு வண்டியை வண்டி என்று நமக்கு எது சொல்கிறது? பின்னால் அகலமாக இரண்டு சிவப்பு இருந்தால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. ஒற்றை விளக்கு என்றால் கண் ஏமாறுகிறது. சைக்கிளில் போகிற ஆளை விளக்கைவிட அவன் தோள் ஆடுவதுதான் காட்டிக்கொடுக்கிறது. இதெல்லாம் பெரிய படிப்பு இல்லை. அன்றைக்கே நாம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் ரோட்டில் நின்றிருந்தால் போதும்.

பின்னால் இரண்டு ஓரத்திலும் நிலையாக எரிகிற சிவப்பு வைத்தேன். பக்கவாட்டில் ஆரஞ்சு. டிரெய்லர் டிரைவர் உயரத்திலிருந்து பார்க்கிறவன், அதனால் முதுகின்மேல் நீளமாக ஒரு சிவப்புப் பட்டை. லாரிகளில் ஒட்டுகிற மினுங்கும் ஸ்டிக்கரைச் சுற்றிலும் ஒட்டினேன். இதையெல்லாம் செய்து, சீட்டுக்குப் பின்னால் உள்ளுக்குள் ஒரு வெள்ளைப் பட்டையைச் சும்மா வைத்துப் பார்த்தபோதுதான் அது நடந்தது. பெயிண்டு அடிக்காத ஃபைபர் இல்லையா, வெளிச்சம் கசிந்து கூடே மஞ்சளாக ஒளிர்ந்தது. அண்ணி உள்ளே உட்கார்ந்து மிதித்தால், அவள் தோள் அசைவது பின்னாலிருந்து அப்படியே நிழலாகத் தெரிந்தது. பெயிண்டு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணி முதலில் கலர் இல்லாமல் கலீஜா இருக்கும் என்றாள், நான் இந்த முறை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த டிரைவரைக் கூப்பிட்டேன். கேஸ் நடக்கிறது, லைசென்ஸ் அவனிடம் இல்லை, இப்போது இன்னொரு டிரெய்லரில் கிளீனராகப் போகிறான். இரண்டு தடவை வரமாட்டேன் என்றான். அண்ணி வரச் சொன்னாள் என்றதும் எந்த நாள் என்று கேட்டான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனுடைய டிரைவரோடு டிரெய்லரிலேயே வந்தான். நான் அவர்களோடு கேபினில் ஏறிக்கொண்டேன். அவ்வளவு உயரத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் எவ்வளவு சின்னதாக இருக்கிறார்கள். அண்ணியை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து நாங்கள் கிளம்பினோம். அதே ரோடு. அதே கருங்கல் ஓரம். தெருவிளக்கு இன்னும் எரியவில்லை.

நான் கண்டுபிடிக்கும் முன்னால் அவன் சொல்லிவிட்டான். "வண்டி. உள்ள ஒரு ஆளு இருக்காக." டிரைவரின் தோளைத் தொட்டு மெதுவாகப் போகச் சொன்னான். பிறகு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவ்வளவு தூரத்திலேயே தெரிந்தது அண்ணாத்தே. இருட்டில் ஒரு மனுஷி மிதித்துக்கொண்டு போகிறாள் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. இரண்டு சிவப்பு, முதுகில் ஒரு பட்டை, அடிக்காமல் விட்ட ஒரு பெயிண்டு. இவ்வளவுதானா? என் கடை அலமாரியில் அன்றைக்கும் இருந்ததுதானே இதெல்லாம்? கேபினில் அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எட்டு மாதமாக அழாததையெல்லாம் அழுதேன். அவனும் அழுதான். டிரைவர் பாவம், ஹாரன்கூட அடிக்காமல் அண்ணிக்குப் பின்னாலேயே திருவொற்றியூர்வரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

அண்ணி இறங்கி வந்து அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தெரிஞ்சிதா?" அவன் தலையாட்டினான். அவள் கூடையிலிருந்து ஒரு பொட்டலம் கருவாட்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். மன்னித்தாளா? எனக்குத் தெரியாது. என்னை மன்னித்தாளா என்றும் நான் கேட்டதில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தினமும் அண்ணி திருவொற்றியூரிலிருந்து கிளம்பும்போது, நான் ரோட்டில் இறங்கி அவளுக்குப் பின்னால் நூறடி நடந்துபோய் நின்று பார்ப்பேன். தெரிகிறது என்று நான் கை காட்டிய பிறகுதான் அவள் மிதிப்பாள். மழையோ புயலோ, எனக்குக் காய்ச்சலோ, நான் இருக்கிறவரை இது தவறாது. உனக்கு நான் ஒரு நாளும் அப்படிப் பின்னால் போய் நின்று பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று அண்ணி போனில் சொல்கிறவரை கடையை மூடாமல் உட்கார்ந்திருக்கும்,
உன் கூடப்பிறந்தவள்,
செல்வி