ஹோமைக் காணவில்லை

ஜூலை 15, செவ்வாய்

காலையிலிருந்து மழை. எங்கள் வெள்ளவத்தைக் காலி வீதியில் பஸ்கள் நீந்துகின்றன. பள்ளிக்கூடம் போனேன், நனைந்தேன், வந்தேன்.

வாசலில் அம்மா: "பையை வைச்சிட்டு வந்து சாப்பிடு." பை வைத்தாயிற்று.

இன்றைய வேலை: தர்சி அக்காவின் லெப்டொப்பைக் கழுவுவது. தண்ணீரால் அல்ல. உள்ளே இருக்கும் ஓ.எஸ்ஸை முழுக்க அழித்துவிட்டு மறுபடி புதிதாகப் போடுவது. அக்காவின் லெப்டொப், இனி சுருக்கமாக அ.லெ. ஒரு மாதமாக ஆமை வேகம். வெள்ளி மாலை அவளுக்கு அமெரிக்காவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தோடு வீடியோவில் நேர்முகம். உதவித்தொகை கிடைத்தால் ஜனவரியில் பறப்பாள். கிடைக்காவிட்டால் இதே அறை, இதே பக்கத்துக் கட்டில், இதே குறட்டை, எனக்குக் கல்யாணமாகும்வரை. ஆகவே இது என் எதிர்காலமும்.

"பழுதாக்கினியெண்டா கொல்லுவன்," என்றாள்.

"பழுதாக்க அதில என்ன மிச்சம் இருக்கு?"

போடும்போது ஒவ்வொன்றாகக் கேட்டது. பெயர்? போட்டேன். மொழி? போட்டேன். எந்த நாடு? அமெரிக்கா என்று போட்டேன். எப்படியும் போகப் போகிறவள், லெப்டொப் முன்னாலே போய் இடம் பிடிக்கட்டும். மணிக்கூடு உடனே நியூயோர்க் நேரத்துக்குத் தாவியது. அவள் கத்துவதற்கு முன் மணிக்கூட்டை மட்டும் கொழும்புக்குத் திருப்பினேன்.

முடிந்தது. பளிச்சென்று திரை. எல்லாம் இருக்கிறது, வைஃபை அடையாளம் மட்டும் இல்லை. மங்கலாகக்கூட இல்லை. அலை இல்லாத அ.லெ.

ஃபோனில் தேடினால்: வயர்லெஸ் டிரைவர் இல்லையாம். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். இதை உருவாக்கியவன் எவனோ, அவன் வாழ்நாள் முழுக்கக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கவேண்டும்.

"டிரைவர் இல்லையாம்," என்று கத்தினேன்.

குசினியிலிருந்து அம்மா: "ஸ்கூல் வான்காரனோ? நாளைக்கும் வரமாட்டானோ?"

கடைசியில் என் ஃபோனைக் கேபிளால் கொழுவி, ஃபோனின் டேட்டாவில் டிரைவரை இறக்கினேன். வைஃபை அடையாளம் வந்தது. தட்டினால் வரிசையாகப் பெயர்கள்: மேல்வீடு, கீழ்வீடு, முன்கட்டடத்துப் பல் டொக்டர், யாரென்றே தெரியாத ஒருவன். எங்கள் வீட்டு வைஃபைக்குப் பெயர் "ஹோம்". அது மட்டும் இல்லை.

"ஹோம் வந்துட்டோ?" என்று அக்கா.

அவளுக்குச் சொல்ல ஓமும் இல்லை. ஹோமும் இல்லை.


ஜூலை 16, புதன்

மழை விட்டது. வீட்டுக்குள் விடவில்லை.

செய்து பார்த்தவை: அ.லெ.யை அணைத்துப் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். விமான மோட் போட்டு எடுத்தேன். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். அ.லெ.யை ரவுட்டரின் மடியில் இருத்தினேன். திட்டினேன். பல் டொக்டர் தெரிகிறார், ஹோம் தெரியவில்லை. அப்பாவின் ஃபோனில் ஹோம் இருக்கிறது, அம்மாவின் ஃபோனில் இருக்கிறது, டீவியில்கூட இருக்கிறது.

ரவுட்டரோடு நேரே நெட்வொர்க் கேபிளால் கொழுவலாம் என்றால் அ.லெ.யில் அந்தக் கேபிளுக்கு ஓட்டையே இல்லை. மெலிவு அழகு என்று அக்கா தேடி வாங்கியது.

நேர்முகத்தைக் கணினியில்தான் எடுக்கவேண்டுமாம், ஃபோன் கூடாதாம். அ.லெ.யை அம்மாவின் ஃபோன் டேட்டாவில் கொழுவி அக்கா ஒரு சிநேகிதிக்கு வீடியோ கோல் எடுத்துப் பார்த்தாள். எங்கள் வீடு கட்டடங்களுக்கு நடுவில் செருகிய வீடு, சிக்னல் ஒற்றைக்கோடு. சிநேகிதி வாயைத் திறந்தபடி உறைந்துபோனாள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"நீ வேணுமெண்டுதான் செய்தனி."

"நான் ஒண்டும் செய்யேல்லை!"

"மௌஸுக்குக் கீழ டேப் ஒட்டினது ஆர்? வைஃபைக்கு 'அக்கா குளிக்கமாட்டாள்' எண்டு பேர் வைச்சது ஆர்? முழு பிளாட்டும் பாத்துச் சிரிச்சது!"

அவை நான்தான். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அப்பா மறுபடி "ஹோம்" என்று மாற்றி, ரவுட்டருக்குள் நான் போக முடியாதபடி பூட்டும் போட்டார். ஆனால் இது நான் இல்லை. இது என் விளையாட்டாக இருந்திருந்தால் இதைவிடத் திறமாகச் செய்திருப்பேன். அதைச் சொன்னேன். அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

அக்கா லெப்டொப்பின் பாஸ்வேர்டை என் கண்முன்னாலேயே மாற்றினாள். மற்றக் கையால் திரையை மறைத்துக்கொண்டு, வங்கிக்காரி மாதிரி. "இனித் தொட்டாய், கையை முறிப்பன்."

பிறகு அம்மா வந்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் மோசம்.

"அவள் போறது உனக்கு விருப்பமில்லையெண்டா வாயால சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

அவள் போவது விருப்பமில்லையாம். எனக்கு! ஜனவரியில் முழு அறையும் கிடைக்கப்போகிற எனக்கு!

மூன்று பேர்மீதும் வெறுப்பு. அ.லெ.மீதும். பல் டொக்டர்மீதும்.

இரவுச் சாப்பாடு: இடியப்பம், சொதி. அக்காவின் பங்குச் சொதியையும் நானே ஊற்றிக்கொண்டேன்.


ஜூலை 17, வியாழன்

வெயில், புழுக்கம். பள்ளிக்கூடம் முடிந்து அக்காவோடு கடைக்கு. மார்க்கட்டுக்கு அருகில் ஃபோனும் கம்பியூட்டரும் திருத்துகிற, எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனின் கடை. அ.லெ. அவள் நெஞ்சோடு. என் கையில் குடை, வெயிலுக்கு, அவளுக்கு மட்டும்.

"அங்க வாய் திறந்தாய், தெரியும்தானே."

நானா அ.லெ.யைத் திறந்தார். அவர் கடை வைஃபையைத் தட்டினார். உடனே வந்தது. பாட்டும் போட்டுக் காட்டினார்.

"இதுல ஒண்டுமில்லியே தங்கச்சி. நல்லா வேல செய்யுது."

"வீட்டில வேலை செய்யேல்லை," என்றாள் அக்கா.

"அப்ப ஊட்டு ரவுட்டர்தான் பிழ."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா பத்திரிகையை மடிக்கவும் இல்லை.

"ரவுட்டர்ல ஒரு பிழையும் இல்ல. டீவி ஓடுது, ஃபோன் ஓடுது. சும்மா ஆக்கள்ட சாமானக் குற சொல்லாத."

ரவுட்டர்காரர் ரவுட்டரைக் காக்கிறார், லெப்டொப்காரி லெப்டொப்பைக் காக்கிறாள். என்னைக் காக்க ஆளில்லை. ஆகவே நானே இறங்கினேன்.

ஃபோனில், சுற்றிலும் இருக்கிற வைஃபைகளைப் படமாகக் காட்டுகிற ஒரு செயலி கிடைத்தது. ஒவ்வொரு வைஃபையும் எந்தச் சனலில், அதாவது எந்த அலைவழியில், போகிறது என்றும் காட்டியது. மேல்வீடு, கீழ்வீடு, பல் டொக்டர் எல்லாரும் ஆறாம் சனலில், வெள்ளவத்தைச் சந்தையில் சனம் நிற்கிறது மாதிரி ஒருவர்மேல் ஒருவர். யாரென்றே தெரியாதவன் பதினொன்றில். வலது பக்கக் கரையில் தன்னந்தனியாக ஒரு மேடு: ஹோம். சனல் பதின்மூன்று.

பதின்மூன்று.

எங்கள் வீட்டில் பதின்மூன்று என்றால் அப்பா. அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், தபால் எண் கொழும்பு-13. அம்மாவைக் கட்டியதால் இங்கே வெள்ளவத்தையில், கொழும்பு-6இல், வந்து குடியேறினாலும் மனம் வரவில்லை. லொத்தர்ச் சீட்டு எடுத்தாலும் பதின்மூன்று, பஸ்ஸில் சீட் எண் இருந்தாலும் பதின்மூன்று.

"அப்பா, ரவுட்டரில பதின்மூண்டைப் போட்டது நீங்களோ?"

இப்போதுதான் பத்திரிகை மடிந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நான்தான்! போன மாசம் புது ரவுட்டர் வந்தப்ப ஒண்டுல இருந்து பதின்மூணு வரைக்கும் நம்பர் கேட்டிச்சி. வேற எதப் போட? வெள்ளவத்தக்காரன் எல்லாம் ஆறுல கெடந்து நசியிறான். பதின்மூணுல நாம மட்டும்தான், ராசா மாதிரி."

"அதை ஆறுக்கு மாத்துங்கோ."

"செத்தாலும் மாத்தமாட்டேன்."

உள்ளேயிருந்து அம்மா: "கலியாணம் கட்ட மட்டும் ஆறு வேணும்."

அவர்கள் தொடங்கிவிட்டார்கள். நான் தேடத் தொடங்கினேன். பதின்மூன்றாம் சனல், லெப்டொப், தெரியவில்லை. மேலேயே பதில் இருந்தது. இலங்கையில் பதின்மூன்று பாவிக்கலாம். அமெரிக்காவில் பாவிப்பதில்லை. நாடு அமெரிக்கா என்று கொடுத்த கணினி பதின்மூன்றாம் சனலை எட்டியும் பார்க்காது.

ஃபோனைக் கட்டிலில் போட்டேன்.

நாடு அமெரிக்கா என்று கொடுத்தது யார்?

ஆக, நான்தான். இரண்டு நாளாகத் தொண்டை கிழியக் கத்தினேன், நான் இல்லை, நான் இல்லை என்று. நான்தான். அதுவும் விளையாட்டாக. அ.லெ. தன்னை நியூயோர்க்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, காலடியில் இருக்கிற கொட்டாஞ்சேனையை மதிக்கவில்லை.

நாட்டை மாற்றினால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. யாருக்கும் தெரியாமல் செய்யலாம், செய்துவிட்டு வீராங்கனை ஆகலாம். ஆனால் பாஸ்வேர்ட் அக்காவிடம்.

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். முகம் பார்க்காமல் சொல்ல அதுதான் வசதி. அமெரிக்கா, பதின்மூன்று, அப்பா, எல்லாம். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன்.

"அப்ப நீதான்."

"ஓம். ஆனா வேணுமெண்டு இல்லை."

"நீதான்."

தலையில் துவாயோடு வந்து, பாஸ்வேர்டை அடித்து, என்னைத் தொடவிடாமல், நான் சொல்லச் சொல்ல அவளே நாட்டை மாற்றினாள். இலங்கை. அணைத்துப் போட்டாள். வரிசை வந்தது. ஹோம்.

நன்றி இல்லை. "போடி," மட்டும்.


ஜூலை 18, வெள்ளி

வானம் மந்தாரம். காலையிலிருந்தே அக்கா சேலையும் மேக்கப்பும். வீடியோவில் இடுப்புக்கு மேலேதான் தெரியும் என்றேன். சேலை மடிப்பை இன்னொரு முறை எடுத்தாள்.

மாலை. அப்பா கல்கிசையில் ஒரு சிநேகிதன் வீட்டுக்கு நாடுகடத்தல், இருமுவார் என்று. டீவி நிறுத்தம். என்னை அறைக்குள் விடவே மாட்டாளாம். "அவள் வீட்டிலேயே இருக்கக் கூடாது, அம்மா." அம்மா பேரம் பேசி, நான் கதவுக்கு வெளியே, தரையில், வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று தீர்ப்பு. காவலுக்கு அம்மா.

தொடங்கியது. முதலில் அக்காவின் குரல் நடுங்கியது. நான் ஃபோனில் ஹோமின் கோடுகளை எண்ணினேன். அக்கறையில் இல்லை. ஹோம் அறுந்தால் என் தலை போகும், அதுதான்.

அறவில்லை. ஒரு சொல்கூட உறையவில்லை. பதின்மூன்றில் நாங்கள் மட்டும்தான், உண்மையில் ராசா மாதிரித்தான்.

ஒரு வெள்ளைக்காரி குரல்: சமீபத்தில் நீங்கள் தீர்த்துவைத்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்.

அக்கா ஆங்கிலத்தில், நடுக்கமே இல்லாமல், கதை சொன்னாள். இந்த லெப்டொப்பின் கதை. அப்பா பிறந்த ஊரின் எண், சனல், உங்கள் நாட்டில் அந்தச் சனல் இல்லை, அதனால் எங்கள் வீடே இதற்குத் தெரியவில்லை, எல்லாம். என் வாயால் சொன்னதைவிட அழகாகச் சொன்னாள். சிரித்தார்கள். மூன்று நான்கு பேர், உண்மையான சிரிப்பு.

கடைசியில் சொன்னாள்: என் தங்கச்சி பழுதாக்கினாள். நான் கண்டுபிடித்துத் திருத்தினேன்.

நான் எழும்பிவிட்டேன். கை கதவில். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, வாயில் விரல் வைத்து, கண்ணால் கெஞ்சினாள்.

உள்ளே அவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். அவளைப் பிடித்துவிட்டது அவர்களுக்கு. எடுத்துவிடுவார்கள். தெரிகிறது.

கத்த முடியாது. அம்மாவின் தோளில் கிடந்த துவாயை இழுத்துக் கடித்துக்கொண்டு இருந்தேன்.