பதினாலாம் அட்டவணை

மெரிலேண்ட்ஸ், சிட்னி
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தாரிணிக்கு,

இங்கே என் சுகத்துக்குக் குறைவில்லை. கிழக்குத் திமோரில், டிலியில் நீ சுகமாயிருக்கிறாய் என்று நீ அனுப்பிய படங்களே சொல்கின்றன. ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கிற படத்தில் கொஞ்சம் மெலிந்து, வெயிலில் கறுத்துப் போயிருக்கிறாய். ஆனாலும் கழுத்தில் அந்த அடையாள அட்டை தொங்க, உனக்கு ஒரு பெரிய அதிகாரியின் களை வந்துவிட்டது. நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரி கமலேஸ்வரி அன்ரிக்குக் காட்டினேன். "உன்னோட கம்பசில படிச்ச பிள்ளையே?" என்று இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன், இரண்டு தரமும்.

கிழக்குத் திமோரின் புள்ளிவிபரக் கையேட்டு வரைவை வாசித்து முடித்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அச்சுக்குப் போக முன் நான் ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று நீ கேட்டது எனக்குப் பெருமைதான். அன்ரியின் பழைய மடிக்கணினியில், அவர் சமைக்கிற குசினி மேசையில் வைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். ஒரு நாடு முழுவதற்கும் பதின்மூன்று இலட்சத்துச் சொச்சம் பேர். சிட்னிச் சனத்தில் கால்வாசி. அதில் பாதிக்கு மேல் இருபத்தைந்து வயதுகூட ஆகாதவர்கள். எத்தனை வீட்டுக்குச் சீமெந்து நிலம், எத்தனை வீட்டுக்கு மண் நிலம், எத்தனை குடும்பம் கோப்பி பயிரிடுகிறது, எத்தனை பிள்ளை பள்ளிக்கூடம் போய் இடையில் நின்றது, எல்லாம் நிரை நிரையாக இருக்கிறது. இப்படி ஒன்றை நான் முழுதாக வாசித்துப் பதினாறு வருடமாகிறது. அங்கேயும் உட்காருகிற கதிரையை, போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்லால், கிட்டத்தட்ட நாங்கள் சொல்கிற மாதிரியே சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துச் சிரித்தேன்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதே சலவைத் தொழிற்சாலைதான். ஆஸ்பத்திரிகளின் கட்டில் விரிப்புகள் வண்டி வண்டியாக வரும், வண்டி வண்டியாகப் போகும். ஒரு வண்டியில் இருநூறு விரிப்பு இருக்க வேண்டும். அடுக்கின் உயரத்தைப் பார்த்தே நான் நாலைந்து குறைகிறது என்று சொல்லிவிடுவேன். மேற்பார்வையாளர் என்னைக் கல்குலேட்டர் என்று கூப்பிடுகிறார். உன்னை அங்கே டொக்டர் தாரிணி என்று கூப்பிடுகிறார்களாம். உன் கணவர் விக்னராஜா அண்ணா சொன்னார். நீயில்லாமல் மெல்பேர்னில் கிளென் வேவர்லி வீட்டில் தனியே சமைத்துச் சாப்பிட்டு அலுத்துவிட்டதாம் அவருக்கு.

வெளியீட்டு விழாவுக்கு டிலிக்கு வரச்சொல்லி எழுதியிருந்தாய். டார்வினிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை என்றும் எழுதியிருந்தாய். டார்வின் அகதித் தடுப்பு முகாமில் எட்டு மாதம் இருந்தவள் நான், அந்தப் பக்கத்துத் தூரங்கள் எனக்குத் தெரியும். என்னிடம் இருக்கிற விசாவில் வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. படகில் வந்து பதின்மூன்று வருடமாகியும் ஆறு மாதத்துக்கொரு தரம் புதுப்பிக்கிற அதே கடுதாசிதான். உனக்கு மறந்திருக்கும். எத்தனை வேலை உனக்கு.

வரைவில் இரண்டு எழுத்துப் பிழை மட்டும் கண்டேன். தனித்தாளில் குறித்திருக்கிறேன். மற்றதெல்லாம் சரி. நீ கவனமான பிள்ளை என்று எங்களுடைய பேராசிரியர் அப்போதே சொன்னவர்தானே.

வெயிலில் தொப்பி போடாமல் திரியாதே.

அன்புடன்,
வதனி


மெரிலேண்ட்ஸ்
31 ஆகஸ்ட் 2025

தாரிணி,

இதைத் தபாலில் போட நேரமில்லை, மின்னஞ்சலில் அனுப்புகிறேன். முதலில் வேலை விஷயம். நாற்பத்தேழாம் பக்கம், அட்டவணை 14, நல்ல குடிநீர் கிடைக்கும் வீடுகள். அதில் மலை மாவட்டத்தின் நிரையும் அதற்குக் கீழே உள்ள கரையோர மாவட்டத்தின் நிரையும் இடம் மாறிவிட்டன. மலையில் நூற்றுக்கு எண்பத்தொரு வீட்டுக்கு நல்ல தண்ணீர் என்று இருக்கிறது. அப்படியானால் அட்டவணை 22-இல் அதே மலைச்சனம் தண்ணீர் எடுக்கப் போய்வர ஒரு மணித்தியாலம் ஏன் நடக்கிறது? அட்டவணை 31-இல் வயிற்றோட்டம் வந்த பிள்ளைகள் ஏன் அங்கேதான் கூட? கடைசி அத்தியாயத்தில், முதல் வருடம் குழாய் போடுகிற இடங்களின் பட்டியலை நீங்கள் பதினாலாம் அட்டவணையை வைத்துத்தான் தயாரித்திருக்கிறீர்கள். மலை மாவட்டம் அதில் இல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாய். நிறுத்து. மூலத் தரவோடு ஒப்பிட்டுப் பார்.

இனி மற்றது. இதை நான் இன்றைக்குக் காணவில்லை. போன கடிதம் எழுத முன்பே கண்டுவிட்டேன்.

போனில் சொன்னால் இடையில் நீ ஏதாவது சொல்லுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். அந்த ஞாயிறு குசினி மேசையில் அந்த இரண்டு நிரையையும் பார்த்தபோது முதலில் என் கண்தான் பிழை என்று நினைத்தேன். 22-க்குப் போனேன், 31-க்குப் போனேன், திரும்பி வந்தேன். பிழை உன்னுடையதுதான் என்று நிச்சயமானதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம் வந்தது. எழும்பித் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். பல நாளுக்குப் பிறகு அந்தத் தேத்தண்ணி உருசித்தது. விழா மண்டபத்தில் நீ மேடையில் நிற்க, யாரோ ஒருவர் எழும்பி அந்தக் கேள்வியைக் கேட்பதாக நினைத்துப் பார்த்தேன். வேலைத்தலத்தில் விரிப்பு மடிக்கும்போதும் அதையே நினைத்தேன். மூன்று கிழமை அந்த நினைப்பில்தான் போனது.

உனக்கு இது விளங்காமல் இருக்கலாம், ஏனென்றால் நான் ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் வகுப்பில் முதலாவது நான். என் கொப்பியைப் பார்த்துத்தான் நீ பயிற்சிக் கணக்கு எழுதினாய். 2006-இல் லீவுக்குக் கிளிநொச்சிக்கு வீட்டுக்குப் போனேன். சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள், கம்பசுக்குத் திரும்ப வர முடியவில்லை. நான் எழுதாத சோதனையில் நீ முதலாவதாக வந்தாய். பிறகு உனக்குப் பதக்கம், மெல்பேர்னில் கலாநிதிப் பட்டம், கலியாணம், வீடு. நீ எதையும் என்னிடமிருந்து பறிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், உன் ஒவ்வொரு படமும் வரும்போதும் அந்தக் கதிரையில் நான் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு எரிவு. நீ எனக்காக அனுப்பிய சேலையை நான் இன்னும் உடுக்கவில்லை. நல்ல சேலை. அதுதான் உடுக்கவில்லை.

வியாழக்கிழமை நீ நன்றிப் பக்கத்தை அனுப்பினாய். அதில் ஒரு வரி எனக்கு. அட்டையில் உன் பெயர், உள்ளே பொடி எழுத்தில் என் பெயர். அதற்கும் எரிந்தேன். ஆனால் கமலேஸ்வரி அன்ரி அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். நேற்றுப் பின்னேரம் கோயிலில் நாலு பேருக்குக் காட்டினார். குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து வந்த ஒரு அம்மா, நாடுகளைப் பற்றிய புத்தகத்தில் இந்தப் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். அன்ரி சொன்னார்: "இவள் பாத்து விட்டதெண்டா அதில பிழை இராது." சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். நான் செருப்புத் தேடுகிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் முதலில் வந்தது நல்ல நினைப்பு இல்லை. பிழையான புத்தகத்தில் என் பெயரும் கிடக்கப் போகிறதே என்றுதான் பயந்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். அப்போதுதான் அந்த நிரையில் இருந்த சனத்தொகையைப் பார்த்தேன். மூன்று கிழமை அந்த நிரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், அந்தத் தொகையை மட்டும் பார்க்கவில்லை.

2009 தொடக்கத்தில், வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது, நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்கு நான் சொன்னதில்லை. ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்து குடும்பங்களைப் பதிந்தேன். எனக்குக் கணக்குத் தெரியும் என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு நாளும் கூட்டி மேலே அனுப்பினோம். வானொலியில் அரசாங்கம் சொன்ன தொகை எங்களுடையதில் பாதிகூட இல்லை. அந்தத் தொகைக்குத்தான் நிவாரண மா வந்தது. வரிசையின் கடைசியில் நின்ற ஒரு மனிசி என்னிடம் வந்து, "பிள்ளை, எங்களை எழுதினனிதானே?" என்று கேட்டா. எழுதினேன் அம்மா என்றேன். எழுதிய பக்கத்தை எடுத்தும் காட்டினேன். அவ அதைப் பார்த்துவிட்டு வெறும் பையோடு போனா.

இவ்வளவும் தெரிந்த நான், உன்னில் உள்ள எரிவில், தண்ணிக்கு நடக்கிற ஒரு மலைச்சனத்தை மூன்று கிழமை ஒளித்து வைத்தேன். நீ விட்டது தவறுதலான பிழை. நான் செய்ததற்கு அந்தப் பேர் சொல்ல முடியாது.

மன்னிப்பைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் அட்டவணையைத் திருத்து. இதைக் கண்டவுடன் உன் மேலதிகாரியிடம் போ. நான் சொன்னதாகவே சொல், எப்போது சொன்னேன் என்றும் சொல்.

வதனி


மெரிலேண்ட்ஸ்
16 நவம்பர் 2025

அன்புள்ள தாரிணிக்கு,

நீ வாசிக்காமல் விட்டாலும் விடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

செப்டெம்பரில் ஏழு நாள் உன்னிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. எட்டாம் நாள் வேலைத்தலத்துச் சாப்பாட்டு நேரத்தில் போன் எடுத்தாய். அச்சை நிறுத்திவிட்டேன், நீ சொன்னது சரி என்றாய். பிறகு, "மூண்டு கிழமை தெரிஞ்சுகொண்டு இருந்திட்டு, எனக்கு எழுத்துப் பிழை காட்டினனியே?" என்று கேட்டாய். நான் ஓம் என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

மிச்சக் கதையை விக்னராஜா அண்ணா சொன்னார். உன் மேலதிகாரிக்கு முன்னால், அமைச்சிலிருந்து வந்தவர்களுக்கும் முன்னால், பிழை உன்னுடையது என்று நீயே ஒத்துக்கொண்டாயாம். என்னைப் பற்றிச் சொல்லவில்லையாம். மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம். விழாவை ஒரு மாதம் தள்ளி வைத்தார்களாம், மேடையில் வேறொருவர் பேசினாராம். அதைக் கேட்டபோது, நான் மூன்று கிழமை ஆசையோடு நினைத்துப் பார்த்தது இதைத்தானே என்று தோன்றியது. எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அண்ணா தொடர்ந்து கதைத்துக்கொண்டிருந்தார், நான் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலை மாவட்டத்தில் ஆறு கிராமம் முதல் வருடப் பட்டியலில் சேர்ந்துவிட்டதாகவும், குழாய்ப் பாதை அளக்க ஆட்கள் போய்விட்டதாகவும் சொன்னார். அந்தக் கிராமங்களின் பேரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

புத்தகம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறைக்குள் கடிதம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. பொய் சொல்ல மாட்டேன், பதினாலாம் அட்டவணைக்கு முன் நன்றிப் பக்கத்தைத்தான் பிரித்தேன். என் பெயர் இல்லை. ஒரு நிமிடம் முகம் சுட்டது. நல்ல திருத்தம் அது. நான் உன் இடத்தில் இருந்தால் எனக்குப் புத்தகமே அனுப்பியிருக்க மாட்டேன். கமலேஸ்வரி அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். நடந்ததைச் சொன்னேன், முழுவதையும் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடி என்னிடம் தந்துவிட்டு, தன் அறைக்குள் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் வழக்கம்போல எனக்கும் சேர்த்துப் புட்டு அவித்து வைத்திருந்தார்.

விசா இன்னும் ஆறு மாதத்துக்குப் புதுப்பித்துத் தந்திருக்கிறார்கள். வேலை அப்படியே இருக்கிறது. இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

அடுத்து உன்னை லாவோசில் இதே மாதிரி ஒரு கையேட்டு வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று அறிந்தேன். கேட்டவுடனே நெஞ்சு எரிந்தது, தாரிணி. போய்விட்டது என்று நினைத்தேன், போகவில்லை. இனிப் போகும் என்று உனக்கு வாக்குத் தரவும் மாட்டேன். நீ அந்த வேலையை ஏற்றுக்கொள். உன்னை விட்டால் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்று நினைக்கிறேன், இதையும் எரிவோடுதான் நினைக்கிறேன். மலைப் பாதையில் அவதானமாய்ப் போ, கொதித்து ஆறிய தண்ணீரையே குடி, அண்ணாவை இடையிடையே கூப்பிட்டு வைத்துக்கொள். போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதாகவே அமையட்டும்.

லாவோஸ் வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்புவாயா? என் பெயர் எங்கேயும் வேண்டாம். நன்றி வேண்டாம், பதில்கூட வேண்டாம். ஒவ்வொரு நிரையாகப் பார்ப்பேன். பிழை கண்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதுவேன்.

எதிர்பார்த்திருக்கும்,
வதனி