வெள்ளிக்கிழமைப் பட்டியலின் முதல் பெயர்

அனுப்புநர்
பத்தாம் வகுப்பு மாணவி
(பெயர் எழுதப் பயமாக இருக்கிறது, மன்னிக்கவும்)

பெறுநர்
தொழிலாளர் நல ஆய்வாளர் அவர்கள்

பொருள்: மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள சலவைக்கூடத்தில் தொழிலாளர்களை அடிப்பதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அந்தச் சலவைக்கூடத்தில் என் அம்மா இஸ்திரி போடுகிறார். அங்கே மேற்பார்வையாளர் அம்மாவின் தம்பி, என் மாமா. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

2. மூன்று மாதங்களுக்கு முன் மாமா, தினமும் யார் எத்தனை துணியைக் கிழித்தார்கள் என்ற எக்செல் பதிவைக் காட்டி, ஆள்வாரியாகச் சுருக்கித் தரச் சொன்னார். பள்ளியில் படித்த பிவோட் டேபிள் என்ற சுருக்க அட்டவணையைப் போட்டேன். தலையணை உறைக்கு ஒரு புள்ளி, படுக்கை விரிப்புக்கு மூன்று. எண்ணிக்கையைப் புள்ளியால் பெருக்கும் கணக்கையும் நானே அதில் சேர்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

3. வெள்ளிதோறும் பட்டியலில் முதலில் வருபவரை மாமா கொதிகலன் அறைக்குக் கூட்டிப்போய், ஈர விரிப்பை முறுக்கி அடிக்கிறார். இயந்திரச் சத்தத்தில் அலறல் வெளியே கேட்காது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? எங்க அக்கா பொண்ணு போட்ட கணக்கு!" என்று சொல்லிச் சொல்லி அடிப்பாராம். ஓர் அண்ணனின் உள்ளங்கையைச் சூடான தகட்டில் வைத்து அழுத்தினார். கையை எடுத்தபோது தோல் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டது. சென்ற வாரம் துணி மடிக்கும் அக்காவுக்கு விலா எலும்பு முறிந்தது.

4. இந்த வாரப் பட்டியலை இன்று வரை போட்டுப் பார்த்தேன், முதல் பெயர் அம்மா. சென்ற வெள்ளி முதல் இன்று வரை ஆறு நாளும் நாளுக்கு ஓர் உறைதான் கிழிந்தது. ஆறு புள்ளி வர வேண்டும், முப்பத்தாறு காட்டுகிறது. அந்த அட்டவணை ஒவ்வொரு நாளுக்கும் பெருக்கிக் கூட்டுவதில்லை. எண்ணிக்கையையும் புள்ளியையும் தனித்தனியே கூட்டிவிட்டுப் பெருக்குகிறது: ஆறு உறை, நாளுக்கு ஒன்றாக ஆறு புள்ளி, ஆறாறு முப்பத்தாறு. வேலைக்கு வந்த நாள் கூடக்கூடப் புள்ளியும் ஏறுவதால், விடுப்பே எடுக்காதவர்தான் மாட்டுகிறார். தவறு என்னுடையது.

5. திருத்திப் பார்த்தேன். அம்மா கீழே போனார். மடிக்கும் அக்கா மேலே வந்தார். விலா வலியோடு இரண்டே நாள் வந்து, நான்கு விரிப்புகளைக் கிழித்திருக்கிறார். பழையபடி மாற்றி வைத்துவிட்டேன்.

6. அம்மாவிடம் சொன்னேன். "நான் வாங்கிக்கிறேன்டி. நீ அதுல கை வைக்காதே, உன்னைக் கொன்னுடுவான்" என்றார்.

ஐயா, விசாரணைக் கடிதம் அனுப்ப வேண்டாம். அங்கே தபாலைப் பிரிப்பவர் மாமாதான். வெள்ளி காலை எட்டு மணிக்குள் நேராகக் கொதிகலன் அறைக்கு வாருங்கள். வெள்ளி காலை கடைசிப் பட்டியல் எடுக்க, கணக்கைப் புதுப்பிக்கும் ரிஃப்ரெஷ் பொத்தானை நான்தான் அழுத்த வேண்டும். இந்த முறை அழுத்த மாட்டேன், அதை மாமாவிடம் நானே சொல்லிவிடுவேன். அப்போது அந்த அறைக்குள் யார் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நாள்: புதன் இரவு (நாளை பள்ளிக்குப் போகும்போது உங்கள் புகார்ப் பெட்டியில் போடுவேன்)
இடம்: வீட்டுக் குளியலறை

அந்தக் கணக்கைப் போட்டவள்