தொகியோ அக்கா வீட்டு ஆண்குதிரை

1967 ஏப்ரல் 11

என் வீட்டுக்காரர் யோஷிசோ சின்ன லாரி ஒன்று வாங்கி வந்துவிட்டார். நீல நிறம். “இனிமே குதிரைக்கு என்ன வேலை? விறகு, பார்லி எல்லாம் இதுலயே போயிடும்” என்றார்.

“லாரி குட்டி போடுமா?” என்றேன். அவர் லாரியைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் வாழ வந்தபோது இந்த ஊரில் வீட்டுக்கு வீடு குதிரை நின்றது. ஒற்றைக் கயிற்றில் பெண்களே நடத்திப் போவோம். இப்போது எங்கள் பெட்டைக்குதிரை குரி மட்டும்தான்.

ஏப்ரல் 19

மலைக்கு அந்தப் பக்கம் தொகியோ அக்கா தன் ஆண்குதிரையை விற்றுவிட்டாளாம். வெள்ளிக்கிழமை கப்பலில் ஏற்றுகிறார்களாம். கறிக்குத்தான்.

சுஷிமா தீவின் இந்தக் கரையில் காயடிக்காத நாட்டுக் குதிரை அது ஒன்றே. பட்டாளத்துக்குப் பெரிய குதிரை வேண்டுமென்று கேட்ட காலத்திலேயே மற்றவை கலப்பாகிப் போயின. மிச்சத்தை லாரி முடித்தது. குரியோ இப்போதுதான் பருவத்துக்கு வந்திருக்கிறாள்.

ஆனால் அக்காவோடு எனக்குப் பேச்சே கிடையாது — கடற்பாசி காயப்போடும் இடத்துக்காகச் சண்டை. எந்த முகத்தோடு போவது?

ஏப்ரல் 20

குரியையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனேன். அக்கா வாசலில் கணவாய் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, பாசி திருட வந்தியா?”

“இல்லக்கா. மாப்பிள்ளை கேட்டு வந்தேன்.”

சிரித்துவிட்டாள். ஆனால் குரி இருக்கிறாளே! பக்கத்தில் விட்டதும் காதை மடக்கிக்கொண்டு ஓர் உதை. அவன் பாவம், வேலியோரம் ஒதுங்கி நின்றான்.

“உன்ன மாதிரியே திமிரு புடிச்சவ” என்றாள் அக்கா.

“கொஞ்ச நாள் தள்ளிப்போடேன்க்கா.”

“வியாபாரிக்கு வாக்கு குடுத்தாச்சுடி. மகன் ஃபுகுவோகாவுக்கு வந்துடுங்கறான். இவன எங்க கட்டுறது, மாடி வீட்டுலயா?” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கேயே தங்கிவிட்டேன்.

ஏப்ரல் 21

காற்று. கப்பல் வரவில்லை!

ஏப்ரல் 22

இன்றும் காற்று. மத்தியானம் குரி தானாகவே போய் அவன் பக்கத்தில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் வேலிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டோம். நல்லபடியாக முடிந்தது.

அக்கா அவன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வியர்வை என்றாள். இந்தக் குளிரிலா?

ஏப்ரல் 24

கடல் அடங்கிவிட்டது. அவனை ஏற்றிவிட்டார்கள்.

செப்டம்பர் 9

குரிக்கு வயிறு தெரிகிறது. யோஷிசோ பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார். அக்கா மகனோடு இருக்க ஃபுகுவோகாவுக்குப் போய்விட்டாள். பாசி காயப்போட இப்போது நிறைய இடம். சண்டை போடத்தான் ஆளில்லை.

1968 மார்ச் 26

குட்டி! ஆண்! காலையில், பார்லி வயல் ஓரத்தில். யோஷிசோ லாரியை நடுவழியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் குட்டியைத் துடைத்தார். புதுச் சட்டை!

“இவனையும் யாராவது காயடிக்கச் சொன்னா என்னங்க பண்றது—”

“எவன் வரான்னு நான் பாக்குறேன்.”

கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“யாரு ஜாடை?”

“நம்ம மாப்பிள்ளையையே உரிச்சு வச்சிருக்குக்கா.”

“அப்ப நல்லா சாப்புடுவான். பாத்துக்க” என்று வைத்துவிட்டாள்.

1971 மே 2

வடக்கு ஊரிலிருந்து யாரோ ஒரு பெண், வாசலில் தயங்கி நின்றாள். கையில் கயிறு, பின்னால் ஒரு பெட்டைக்குதிரை. விடிவதற்கு முன்பே கிளம்பி நடந்து வந்தாளாம். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன்.

கொல்லையில் நிற்கும் குரியின் மகனைக் கூட்டிவரச் சொல்லலாம் என்று திரும்பினால் யோஷிசோவைக் காணோம். அவர் ஏற்கெனவே கொல்லையில் நின்று அவனுக்கு உடம்பு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.