நடக்க முடியுதுல்ல?

தை 10, சனி

காலையில் ஒரே பனி. எதிர்வீடு தெரியவில்லை. விரல் பத்தும் கட்டை. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் திறந்தேன். வெந்நீரில் கையை வைத்து மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி. வெயில் வந்த பிறகே கை என் பேச்சைக் கேட்டது.

சாயங்காலம் தெப்பக்குளக் கரையில் நடை. வடகரை தாண்டும்வரை பாதம் முழுக்கக் கண்ணாடித் தூள் மேல் வைப்பதுபோல. அப்புறம் முழங்கால் இளகியது. தஞ்சாவூர் டாக்டரம்மா சொன்னது சரிதான்: “முடக்குவாதத்துக்கு மாத்திரை மட்டும் போதாதும்மா. வலிக்குதுன்னு உக்காந்தீங்கன்னா மூட்டு இறுகிப் போயிடும். நடங்க.”

கறிவேப்பிலை வாங்க மறந்தாயிற்று.

தை 11, ஞாயிறு

மல்லிகா வந்தாள். இவருடைய தங்கை, ரெண்டு தெரு தள்ளி வீடு. அவள் மகள் நித்யாவுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. கைமுறுக்கு நான்தான் சுற்ற வேண்டுமாம்.

“விரலு மடங்க மாட்டேங்குது மல்லிகா. கடையில சொல்லிடுவோம்.”

“நேத்து கொளத்துக் கரையில பாத்தேனே அண்ணி. விறுவிறுன்னு போய்ட்டிருந்தீங்க. நடக்க முடியுதுல்ல? உக்காந்து முறுக்கு சுத்த முடியாதா?”

இப்போது எழுதும்போதுதான் பதில் வண்டி வண்டியாக வருகிறது. நடப்பதால்தான் இந்த அளவுக்காவது இருக்கிறேன். நடக்காவிட்டால் படுக்கை. இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்வது?

அவள் போனதும் இவர் மெதுவாக: “விசேஷம் முடியிற வரைக்கும் நடக்கப் போகாம இரேன். பாக்கறவங்க ஒரு மாதிரி பேசறாங்க.”

பார்க்கிறவர்கள்! ஒரே ஒருத்தி பார்த்தாள். அவள் இவருடைய தங்கச்சி.

தட்டைத் தூக்கி வீச வேண்டும் போலிருந்தது. வீசக்கூடக் கை வராது.

தை 13, செவ்வாய்

நேற்றும் நடக்கவில்லை, இன்றும் இல்லை. இவர் சொன்னதற்காக இல்லை, ஆத்திரத்தில். நான் படுத்துக் கிடந்தால்தானே நம்புவீர்கள்? சரி, படுத்துக் கிடக்கிறேன். பாருங்கள்.

வாரம் ஒருமுறை போடும் மாத்திரை நேற்று. இன்று முழுக்கக் குமட்டல். ரசம் சாதம் கொஞ்சம். எழுத்து கோணுகிறது. விரல் பயிற்சியும் செய்யவில்லை. யாருக்காகச் செய்ய?

தை 14, புதன்

காலையில் பாத்ரூமில் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. சுவரைப் பிடித்தால் மணிக்கட்டு தாங்கவில்லை. கடைசியில் இவரைக் கூப்பிட்டேன். உள்ளே வந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். முகம் வெளுத்திருந்தது. பயந்துவிட்டார். பயப்படட்டும்.

எனக்கு வந்த கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. ரெண்டே நாள் வீம்பு. தண்டனை யாருக்கு? மல்லிகாவின் முழங்காலா பூட்டிக்கொண்டது?

சாயங்காலம் இவரே என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். “போயிட்டு வா.” அனுமதி கொடுக்கிறாராம். அந்த ஜோடியை ஓரமாக உதைத்துவிட்டு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பாதிக் கரைதான் முடிந்தது. ஒருவர் போனில் கத்திக்கொண்டே போனார்: “கொள்முதல்ல ஈரம் ஜாஸ்திங்கிறான்யா! நெல்லு ரோட்டுலயே கெடக்குது, எப்பய்யா எடுப்பான்?” கூடச் சேர்ந்து நானும் கத்தலாம் போலிருந்தது.

இன்னொருவர், தொப்பி, வெள்ளை ஷூ: “சுகராம்மா?” இல்லை, முடக்குவாதம் என்றேன். உடனே முடக்கத்தான் தோசை. இதுவரை வந்து சேர்ந்த வைத்தியம்: முடக்கத்தான், பிரண்டைத் துவையல், செம்புக் காப்பு, உருளைக்கிழங்கு ஆகாது, தலைக்குக் குளிக்காதே, வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொள். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டவர் யாரும் இல்லை.

தை 16, வெள்ளி

வளைகாப்பு. உடனே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

மண்டபத்தில் கடை முறுக்கு. மல்லிகா வருகிறவர்களிடமெல்லாம், “அண்ணிக்கு முடியலையாம், அதான்.” முடியலையாம். அந்த ‘யாம்’ காதில் முள்ளாகக் குத்துகிறது.

நித்யாவுக்கு வளையல் போட்டு முடிந்ததும் மற்றப் பெண்களுக்கு. வேண்டாம் என்றேன். “தாய்மாமன் பொண்டாட்டி போடாம எப்படி?” என்று மல்லிகா கையைப் பிடித்து நீட்டினாள். வளையல்காரம்மா, “லூசா விடுங்கம்மா” என்று விரல்களைச் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினார்.

அலறிவிட்டேன். மண்டபமே திரும்பியது. வளையல் கணுவில் சிக்கி உடைந்தது. யாரோ பின்னாலிருந்து, “ஐயையோ, நல்ல நாள்ல.”

மல்லிகா முதலில் உடைந்த வளையலைப் பார்த்தாள். அப்புறம் என் கையை. நிஜமாகவே இப்போதுதான் பார்க்கிறாள்.

“என்ன அண்ணி, இப்படி வீங்கிக் கெடக்கு?”

“ரொம்ப நாளா இப்படித்தான் கெடக்கு.”

உடனே நாற்காலி. ஃபேன். ஜூஸ். ஐயோ பாவம், ஐயோ பாவம். நேற்றுவரை நடிப்புக்காரி, இன்று பாவம். மல்லிகா அழுதாள். “இனிமே ஒரு வேலையும் நீங்க செய்ய வேணாம் அண்ணி. அந்த வாக்கிங்கும் வேணாம். பேசாம ரெஸ்ட் எடுங்க.”

அப்போதுதான் வெடித்தது. “அன்னிக்கி நடக்கறேன், அதனால நோய் இல்லைன்னே. இன்னிக்கி நோய் இருக்கு, அதனால நடக்காதேங்கறே. என் காலை உங்க யாரு பேருக்கும்மா எழுதி வச்சிருக்கேன்?”

இவர் தரையைப் பார்த்தார். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

மணையில் சந்தனப் பூச்சோடு உட்கார்ந்திருந்த நித்யா மட்டும் சொன்னாள்: “அத்தை, என்னையும் டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருக்காங்க. அம்மாதான் வாசப்படி தாண்ட விட மாட்டேங்குது.”

எங்கேயோ ஒரு சிரிப்பு. மல்லிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

தை 17, சனி

வெளிச்சம் வருமுன் எழுந்துவிட்டேன். கை நேற்றைவிட மோசம், சுண்டுவிரல் நீலம். இவர் மெதுவாக வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். சரி என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் சொல்லப் போவதில்லை.

ஆத்திரம் அப்படியே இருக்கிறது. குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. ஆனால் இன்று அதோடு வெளியே போகப் போகிறேன், படுக்கைக்கு இல்லை.

சாயங்காலம் மணி ஐந்து. வாசலில் வளையல் சத்தம், ரெண்டு கை நிறைய. தெருக்கோடியிலிருந்து மல்லிகாவின் குரல்: “வயித்துப் புள்ளக்காரி, எங்கடி போற?”

“அத்தையோட!”

பேனாவுக்கு மூடி போட விரல் வரவில்லை. கிடக்கட்டும்.