உன் ரிக் வண்டியில் இருக்கும் பல்

அன்பு மகன் மோகன்குமாருக்கு அம்மா வசந்தாமணி எழுதுவது. இங்கே நான், அப்பா, சினை எருமை மூவரும் சுகம். ராய்ப்பூர் வெயிலில் போர் போடும் நீயும் வண்டி ஆட்களும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கச் செங்கோட்டு மலையானை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அறுந்துபோகிறது, அதனால் ஸ்பேர் சாமான் கொண்டுவரும் அன்பழகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சாமி, போன வாரம் நூறு நாள் வேலையில் ஓடைப் புறம்போக்குக் கரையை வெட்டும்போது என் மண்வெட்டி ணங்கென்றது. பார்த்தால் கல்லாகிப்போன தாடை எலும்பு, என் கை நீளம்! கூட வெட்டிய தங்கமுத்து அக்கா சாமி என்று கற்பூரம் வாங்க ஓடினார். நான் காலேஜில் நிலவியல் சொல்லித்தரும் நம் கோகிலவாணிக்குப் போட்டோ அனுப்பினேன். அவள் வந்து பார்த்துவிட்டு, பல்லாயிரம் வருசத்துக்கு முந்தின ஆனைங்க அத்தை, கரைக்குள்ள இன்னும் கெடக்குமுங்க, ஆரும் கை வெச்சிராதீங்க என்றாள்.

ஆனால் செங்கல் சூளைக்காரர் அந்தக் கரை மண்ணுக்கு ஏற்கெனவே மனுப் போட்டிருக்கிறார். மண் எடுப்பதைத் தடுக்க யாரோ இப்போது கொண்டுவந்து புதைத்த எலும்பு என்று கிராம சபையிலேயே பேசினார். இருபதாம் தேதி தாசில்தார் வருகிறார். அதற்குள் நிரூபிக்காவிட்டால் பொக்லைன் இறங்கிவிடும். நிரூபணம் உன்னிடம்தான் இருக்கிறது கண்ணு! தாடையில் ஒரு பல் இல்லை. மூன்று வருஷம் முன்னால் நீ புது ரிக்கோடு கிளம்பினபோது, அதே கரையில் கிடைத்த வரிவரியான கல்லைச் சுயம்பு என்று நம்பி, மஞ்சள் குங்குமம் வைத்து உன் வண்டி முன்னால் வைத்தேனே, அது அந்த யானையின் கடைவாய்ப் பல்லாம், கோகிலவாணி சொன்னாள். வண்டி பூஜைப் போட்டோவில் தேதியோடு இருக்கிறது, தாடையில் பொருந்திவிட்டால் எலும்பு அப்போதே கரையில் இருந்தது உறுதி. சபையில் எழுந்து, என்ற மகன் வண்டியில அதோட பல்லு இருக்குதுங்க, வரவெக்கறேன் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், கோபிக்காதே. அப்பாதான், அது வண்டிக்குப் போனதுக்கப்பறம்தான் அவன் போட்ட போரெல்லாம் தண்ணி வருது, அதப் போய்ப் புடுங்கறயா என்று கத்தினார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பயம்தான். ஆனால் கரையை ஒருதரம் அள்ளிவிட்டால் யார் திரும்பத் தருவார்கள்?

குங்குமத்தைக் கழுவாதே, போட்டோவோடு ஒத்துப்பார்க்க அப்படியே வேண்டுமாம். பழைய லுங்கியில் சுற்றி அன்பழகனிடம் கொடு, மறுநாளே திரும்புகிறான். போர் ராடு மாட்டும்போது கை பத்திரம். அது இருந்த இடம் காலியாக வேண்டாம், இந்தக் கடிதத்தை மடித்து அங்கே வை. தொட்ட இடமெல்லாம் உனக்குத் தண்ணீர் பீறிட வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும்.

உன் வண்டிக்கு முன்னால் எப்போதும் இருக்கும்,
அம்மா வசந்தாமணி